மந்திரி குடித்த தண்ணீர்

புதுக்கோட்டை தனிச் சமஸ்தானமாக இருந்த காலத்தில் அதன் சட்டசபையில் நான் சுருக்கெழுத்து எழுதிக்கொண்டிருந்தேன். சபையில் எல்லோருக்கும் வாய் உண்டு, எனக்குக் கை மட்டும்தான். யார் என்ன உளறினாலும் விடாமல் பிடிக்க வேண்டும். அங்கத்தினர்கள் கைதட்டினால் ‘கரகோஷம்’ என்றும், சிரித்தால் ‘சிரிப்பு’ என்றும் அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும். நான் வேலை பார்த்த காலம் முழுவதும் ‘அழுகை’ என்று எழுத நேர்ந்ததில்லை. அழுகிறவர்கள் யாரும் அந்த மண்டபத்துக்குள் வரவில்லை.

மந்திரி என்ற பதவிப் பெயர் சமஸ்தானத்தில் கிடையாது. ஆனால் அரசாங்கத்தின் சார்பில் எழுந்து பதில் சொல்கிற பெரிய அதிகாரியை ஊர் மந்திரி என்றுதான் சொல்லும். நானும் அப்படியே சொல்கிறேன். பெயர் வேண்டாம். கெட்டிக்கார மனிதர். கேள்வி கேட்டவர் உட்கார்ந்து வேட்டியைச் சரிசெய்வதற்குள் பதில் சொல்லிவிடுவார். அவருக்கு எதிரே திருமயம் பக்கத்து ஜனங்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய ஒரு வக்கீல் உட்கார்ந்திருப்பார். ஒல்லியான உடம்பு, தலைப்பாகை, எதற்கும் பொசுக்கென்று வரும் கோபம். இவர்கள் இருவரும் மோதுகிற நாளில் சபையில் தூங்குகிறவர்கள்கூட விழித்துக்கொள்வார்கள்.

பேச்சு பாதி இங்கிலீஷிலும் பாதி தமிழிலும் நடக்கும். இங்கே எல்லாவற்றையும் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு தடவை வக்கீல், “திருமயம் ரோட்டில் பஸ்ஸில் போகிற பிள்ளைத்தாய்ச்சிக்கு வழியிலேயே பிரசவம் ஆகிவிடும் போலிருக்கிறது. ரோடு அந்த லட்சணத்தில் இருப்பது அரசாங்கத்துக்குத் தெரியுமா?” என்று கேட்டார். மந்திரி எழுந்து, “போன கூட்டத்தில் பிரசவ ஆஸ்பத்திரி இல்லை என்று கனம் அங்கத்தினர் குறைப்பட்டார். பஸ்ஸிலேயே ஆகிவிடுகிறது என்றால் அந்தக் குறை தீர்ந்தது” என்றார். சபை குலுங்கியது. வக்கீலும் சிரித்தார். இடைவேளையில் பார்த்தால் இருவரும் ஒரே மேஜையில் காப்பி குடித்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு இந்த விளையாட்டு பிடித்திருந்தது. திருக்கோகர்ணத்தில் நான் குடியிருந்த அறைக்குத் திரும்பிய பிறகும் அவர்கள் பேசியதை நினைத்துத் தனியாகச் சிரித்திருக்கிறேன்.

அந்த வக்கீல் ஒரு கிணறு கேட்கத் தொடங்கினார். அதிலிருந்துதான் சிரிப்பு எனக்குக் கசந்தது.

கிணறு கேட்டது திருமயத்துக்குத் தெற்கே ஒரு சின்ன ஊருக்கு. என் அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர் அது. எங்களுக்கு ஆத்தா சீக்கிரமே போய்விட்டாள். என்னை வளர்த்ததும், பள்ளிக்கூடத்துக்கு விரட்டியதும், புதுக்கோட்டையில் சுருக்கெழுத்துப் படிக்கக் காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்ததும் அக்காதான். அந்த ஊரில் குடிக்கிற தண்ணீருக்கு ஓர் ஊருணி மட்டும் உண்டு. மழைத் தண்ணீர் தேங்குகிற குளம். படியில் இறங்கி, முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுதான் குடத்தை முக்க வேண்டும். கோடை வந்தால் சேறும் தண்ணீரும் ஒன்றுதான்.

ஊரில் பாதிப் பேருக்குக் கோடையில் நரம்புச் சிலந்தி வரும். காலில் கொப்புளம் கிளம்பி உடையும். உடைந்த இடத்தில் வெள்ளை நூல் மாதிரி ஒரு புழு தலை நீட்டும். அதை ஈர்க்குச்சியில் சுற்றி, தினம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுப்பார்கள். அவசரப்பட்டு இழுத்து அறுந்துபோனால் கால் வீங்கிச் சீழ் பிடிக்கும். அக்காவுக்கும் ஒரு தடவை வந்து ஆறியிருந்தது. கணுக்காலில் அந்தத் தழும்பை நான் பார்த்திருக்கிறேன். எப்படி வந்தது என்று கேட்டதற்கு, “வயச் சேத்துல நடக்குற காலு, வராம என்ன செய்யும்” என்று சொல்லிவிட்டாள். நானும் நம்பினேன்.

அது சேற்றில் வருவதல்ல, தண்ணீரில் வருவது என்று வக்கீல் சபையில் பேசியபோதுதான் எனக்குத் தெரிந்தது. “டாக்டரிடம் கேட்டுவிட்டு வந்து சொல்கிறேன். சிலந்திக்காரன் காலோடு ஊருணியில் இறங்குகிறான். அந்தத் தண்ணீரை ஊரே குடிக்கிறது. இந்தக் கோடையில் குடித்தது அடுத்த கோடையில் காலில் வந்து நிற்கிறது. கைப்பிடிச் சுவர் வைத்து, வாளி போட்டு இறைக்கிற கிணறு ஒன்று வெட்டிக் கொடுத்தால் நோய் போய்விடும்” என்றார். அக்காவின் தழும்பை நினைத்துக்கொண்டே எழுதினேன்.

மந்திரி அரசாங்கத்தின் கொள்கையைச் சொன்னார். கிணறு கேட்டு வருகிற ஊர்கள் ஏராளம். அந்தப் பக்கம் முழுக்கப் பாறை, வேட்டு வைத்துத்தான் தோண்ட வேண்டும். ஆகவே நல்ல தண்ணீர் அறவே இல்லாத ஊருக்குத்தான் முதலில். “அறவே இல்லாத ஊர் அதுதான்” என்றார் வக்கீல். “கேள்விப்பட்டதை வைத்து அரசாங்கம் கிணறு வெட்டுவதில்லை” என்றார் மந்திரி. “அப்படியானால் நேரில் போய்ப் பாருங்கள். கார் போகிற வழி இல்லை என்று பயப்படுகிறீர்களா?” என்றார் வக்கீல். மந்திரி சிரித்துக்கொண்டே, “நானே போகிறேன். கண்ணால் பார்த்துவிட்டு வந்து இதே இடத்தில் நின்று பதில் சொல்கிறேன்” என்றார். வக்கீல் கட்சி மேஜையைத் தட்டியது. நான் கரகோஷம் என்று சந்தோஷமாகவே எழுதினேன்.

சொன்னபடியே அவர் போனார். அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. நல்ல சித்திரை வெயிலில், கார் நின்ற இடத்திலிருந்து நடந்தே ஊருக்குள் போனார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அடுத்த கூட்டத்தில் பார்வையாளர் பலகையில் அந்த ஊர் அம்பலகாரர், அதாவது ஊர்ப் பெரியவர், வந்து உட்கார்ந்திருந்தார். பெரிய மீசை, இடுப்பில் கட்டிய துண்டு. கிணறு கிடைத்த செய்தியைத் தானே ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்று விடியற்காலையிலேயே கிளம்பி வந்திருக்கிறார்.

மந்திரி எழுந்தார். “கனம் அங்கத்தினரை ஒன்று கேட்கலாமா? அந்த ஊரில் அவர் தண்ணீர் குடித்திருக்கிறாரா?”

வக்கீலுக்கு அப்போதே ஏதோ உறைத்திருக்க வேண்டும். கொஞ்சம் தயங்கி, “தேர்தல் சமயத்தில் குடித்திருக்கிறேன்” என்றார்.

“எப்படி இருந்தது?”

வக்கீல் சண்டைக்காரர், ஆனால் பொய் சொல்ல மாட்டார். “நன்றாகத்தான் இருந்தது” என்றார். சபை சிரித்தது.

“நானும் குடித்தேன்” என்றார் மந்திரி. “இரண்டாவது தம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தேன். என் வீட்டில்கூட அப்படிப்பட்ட தண்ணீர் கிடையாது. இது எந்தத் தண்ணீர் என்று ஊர்ப் பெரியவரையே கேட்டேன். எங்கள் ஊர்த் தண்ணீர்தான் என்றார். ஊருணி கலங்கலாக இருக்கிறது, உண்மை. அது மாட்டுக்குப் போலிருக்கிறது. இந்த ஊருக்கே கிணறு வேண்டும் என்றால், முதல் கிணற்றை என் வீட்டில்தான் வெட்ட வேண்டும்.”

சபை விழுந்து விழுந்து சிரித்தது. வக்கீல் முகம் செத்துப்போயிற்று. நான் பலகைப் பக்கம் பார்த்தேன். அம்பலகாரரும் சிரித்துக்கொண்டிருந்தார், மீசையைத் தடவியபடி. அவ்வளவு பெரிய மனுஷன் இத்தனை பேருக்கு நடுவில் தன் ஊர்த் தண்ணீரைப் புகழ்ந்துவிட்டான் என்ற பெருமை அவருக்கு. கிணறு போய்விட்டது என்பது அவருக்குப் புரிய வெகுநேரம் ஆயிற்று. வாசலில் யாரோ விளக்கிச் சொன்ன பிறகு, துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறப் போனார்.

உண்மையைச் சொன்னால், மந்திரி சொன்னதில் தப்பில்லை என்றுதான் எனக்கும் அன்று பட்டது. அக்கா வீட்டில் நானும் எத்தனையோ தடவை தண்ணீர் குடித்திருக்கிறேன். இளநீர் மாதிரி இருக்கும்.

அந்த வாரமே ஊருக்குப் போனேன். திருமயம் வரை பஸ், அதற்கப்புறம் நடை. போனதும் அக்கா செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்துவிட்டு, “இந்தத் தண்ணிக்கு என்ன குறைன்னு இவங்க கெணறு கேக்குறாங்க?” என்றேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். “அட கூறுகெட்ட பயலே. இது நம்ம ஊருத் தண்ணியா? செட்டியாருக ஊருல, காலு வைக்க விடாமக் காவல் போட்டிருக்க ஊருணித் தண்ணி. வரப்பு வழியா அம்புட்டுத் தூரம் நடந்து போயி எடுத்தாந்தது.”

“அப்ப மந்திரி குடிச்சது?”

“அதுவும் நான் எடுத்தாந்ததுதான். வெள்ளன எந்திரிச்சு, பித்தளைக் கொடத்தைப் புளி போட்டு வெளக்கி, கொண்டாந்து வெட்டிவேரு போட்டு வச்சேன். ரெண்டாந் தரமும் கேட்டு வாங்கிக் குடிச்சாராம்ல? அம்பலம் சொன்னாக.” அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. “ஒங்களுக்கெல்லாம் கிறுக்கா புடிச்சிருக்கு? அந்த ஆளு தண்ணி எப்படி இருக்குன்னு பாக்கத்தானே வந்தாரு? கலங்கத் தண்ணிய மோந்து குடுக்க வேண்டியதுதானே?”

“அதெப்படித் தம்பி குடுக்குறது? வெயில்ல நடந்து வந்த மனுசன். நம்மள நம்பி வாயில வைக்கிறாரு. அவரு கால்ல சிலந்தி வந்தா யாரு பாவம்?”

“அம்பலம் உண்மையைச் சொல்லியிருக்கலாம்ல?”

“வந்தவுகளுக்கு அசலூர்ல எரந்து வாங்கித் தண்ணி குடுத்தோம்னு வாய்விட்டுச் சொல்லுவாகளா? குடிச்ச மனுசனுக்கும் மனசு சங்கடப்படும்ல?” என்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தானும் அவள் சொன்னதுதான் சரி என்பது போலத் தலையாட்டினார்.

அப்போதுதான் எனக்கு மெதுவாகப் புரிந்தது. “எனக்கும் இத்தனை வருசமா அந்தத் தண்ணிதானா?”

“நீ வர்ற அன்னைக்கு மட்டுந்தான். தெனமும் கேட்டா அந்த ஊருக்காரவுக எடுக்க விடுவாகளா? விருந்தாளிக்குன்னு சொன்னா ஒரு கொடம் விடுவாக.”

“நீ அதுல கொஞ்சம் குடிச்சுக்கிட்டா என்ன?”

“விருந்தாளிக்குன்னு சொல்லி வாங்கிட்டு நான் குடிக்கிறதா?” என்று கேட்டாள். அடுப்படி மூலையில் அவர்கள் குடிக்கிற பானை இருந்தது. நான் அதன் பக்கம் போனபோது கையைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

சபையில் பேசியவற்றை அச்சுக்கு அனுப்புவதற்கு முன் பேசியவரிடம் காட்டித் திருத்தம் வாங்குவது வழக்கம். மந்திரியின் பேச்சை நான்தான் எடுத்துக்கொண்டு போனேன். அவர் படித்துக்கொண்டே வந்து, தண்ணீர்க் கதை வந்த இடத்தில் தானே சிரித்தார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சபைச் சிப்பந்தி இப்படி வாய் திறந்தால் வேலை போகும். போனால் போகட்டும் என்றிருந்தது.

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். “கொண்டாந்தது உங்க அக்காவா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “அவ்வளவு தூரமா?” என்றார். அதற்கும் ஆமாம் என்றேன். பேனாவை எடுத்து, நான் அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்த ‘சிரிப்பு’ என்ற சொல்லை அடித்தார். அந்தப் பக்கத்தில் அது வந்த இடமெல்லாம் தேடிப்பிடித்து அடித்தார்.

“கெணறுங்க?” என்று கேட்டேன்.

“நல்ல தண்ணி இருக்குன்னு சபையில சொல்லியாச்சு. நானாப் போயி, நான் சொன்னது தப்புன்னு நின்னா, அந்த வக்கீல் என்னை ஆயுசுக்கும் விட மாட்டார். அடுத்த கூட்டத்துல அவரே மறுபடியும் கேட்கட்டும். மறுபரிசீலனை செஞ்சோம்னு சொல்லிக் கொடுத்துடுறேன். நான் சொன்னேன்னு அவர்கிட்டச் சொல்ல வேண்டாம்.”

அவரைக் கெட்டவர் என்று என்னால் சொல்ல முடியவில்லை. சொல்ல முடிந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வக்கீல் வீட்டுக்கு அன்று சாயங்காலமே போனேன். மந்திரி பேச்சை எடுக்காமல், அக்கா சொன்னதை மட்டும் சொல்லி, மறுபடியும் கேளுங்கள் என்று கெஞ்சினேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

“அந்த ஊர்ப் பேச்சையே என்கிட்ட எடுக்காதீங்க. அவுங்களுக்காகத் தொண்டை கிழியக் கத்துறேன், அவுங்க அந்த ஆளுக்கு வெட்டிவேர்த் தண்ணி குடுத்து என்னைச் சபையில கோமாளியாக்கிட்டாங்க. இனிக் கேட்டா, இன்னொரு தம்ளர் வேணுமான்னு கேட்பார் அவர். உங்களுக்குத் தெரியாது, அங்க ஒரு தரம் சிரிச்சாச்சுன்னா சிரிச்சதுதான்.”

மழைக்காலம் முடிந்து இன்னொரு தடவை போனேன். வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பிவிட்டார்.

அதற்கப்புறம் நடந்த ஒவ்வொரு கூட்டத்திலும் நான் அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். வக்கீல் எழுந்தார், ரோட்டைப் பற்றிக் கேட்டார், பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டார். மந்திரி பதில் சொல்லிவிட்டு, உட்காராமல் ஒரு கணம் அவரையே பார்த்தபடி நிற்பார். அவர் எதற்காக நிற்கிறார் என்பது அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். இவர் கேட்கட்டும் என்று அவரும், அவர் சிரிப்பார் என்று இவரும். இடைவேளையில் வழக்கம் போலச் சேர்ந்து காப்பி குடித்தார்கள். நடுவில் போய் நின்று இரண்டு பேரையும் நாலு வார்த்தை கேட்க வேண்டும் போல எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அடுத்த கோடை வந்தது. இந்தக் கோடையில் குடித்தது அடுத்த கோடையில் காலில் நிற்கும் என்று வக்கீல் சொன்னாரே, அப்படியே வந்து நின்றது. மந்திரியின் நாக்குக்கு இளநீர் மாதிரித் தண்ணீர் கொண்டுவந்த அக்கா, அந்த வருஷம் முழுக்கத் தான் குடித்த தண்ணீரைக் காலில் சுமந்துகொண்டு நின்றாள். களை எடுக்கிற அவசரத்தில் ஈர்க்குச்சியைச் சுண்டி இழுத்திருக்கிறாள். புழு உள்ளேயே அறுந்துவிட்டது. தொடை வரை வீங்கியது. காய்ச்சல் ஏறி ஜன்னி கண்டது. வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வருகிற வழியில், திருமயம் தாண்டுவதற்கு முன்பே உயிர் போய்விட்டது.

செய்தி வந்தபோது சபை நடந்துகொண்டிருந்தது. எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது நினைவில்லை. பக்கத்திலிருந்தவரிடம் பென்சிலைக் கொடுத்துவிட்டு எழுந்தேன். எல்லோரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலமாகிவிட்டது. எனக்காகத்தான் எடுக்காமல் வைத்திருந்தார்கள். அம்பலகாரர் என்னைப் பார்த்ததும் தூணுக்கு மறைவாகப் போய் நின்றுகொண்டார். தன் ஒரு சொல்லால் போன உயிர் இது என்று அவர் நினைத்தாரோ என்னவோ. அவரிடம் கோபப்பட எனக்குத் தெம்பில்லை. கிணற்றை வக்கீல் கேட்காமலே பிறகு வெட்டினார்கள். எங்கள் வீட்டுச் சாவுக்கு அடுத்த கூட்டத்தில் மந்திரியே எழுந்து, “போன வருஷம் நான் சொன்னது தப்பு” என்று சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. அதை முந்தின வருஷமே சொல்லியிருக்கலாம் என்று நினைத்தபடி எழுதி முடித்தேன்.

அன்று சுடுகாட்டில் எல்லாம் முடிந்து, குளித்துவிட்டு ஈரத் துணியோடு வந்து அக்கா வீட்டில் உட்கார்ந்தேன். அழுது அழுது தொண்டை காய்ந்திருந்தது. அத்தான் உள்ளே போய், எப்போதும் அவள் கொண்டுவருகிற அதே செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

“தண்ணி நல்லா இருக்காது மாப்ள” என்றார். “ஒங்களுக்குப் போயி எடுத்தாரதுக்கு ஆள் இல்ல.”

வாங்கினேன். கலங்கலாக, பாசி நாற்றத்தோடு, வாயில் மண் கடிபட்டது. அக்கா அந்த ஊருக்கு வாழப்போன நாளிலிருந்து குடித்த தண்ணீர் இதுதான். அதைக் குடிக்காதே என்று கையைப் பிடித்து இழுக்க அவள் இல்லை. முழுவதையும் குடித்தேன்.